அடிப்பிடித்த பன்னிரண்டு

வெள்ளி இரவு பாஸர்ஜிக் எல்லையில்
லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.
ஃப்ரிட்ஜ் கதவில் சரக்குச் சீட்டு மாதிரி
நெவேனாவின் கையெழுத்து:
கூரைத் தகரக் கால்வாயில் இலை அள்ளு.
கோழிக்கூட்டுக் கதவு. அது உனக்கே தெரியும்.
வெள்ளரி, நாளை வரை தாங்காது.
மிளகாய், அறுபது கிலோ.
கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு.

ஏப்ரலில் நாற்று வாங்கியவன் நான்தான்.
பத்து போதும் என்றாள்,
மலிவாகக் கிடைக்கிறதே என்று நாற்பது வாங்கினேன்.
நட்டுவிட்டு ஓட்டப் போய்விட்டேன்,
ஹாம்பர்க், லீல், மறுபடி ஹாம்பர்க்.
கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றியது அவள்.
அதனால் சனிக்கிழமை வாய் திறக்காமல்
ஏணியை எடுத்தேன்.

கால்வாயில் இலை, ஒரு டென்னிஸ் பந்து,
எப்படி ஏறியதென்று தெரியாத ஒரு தேக்கரண்டி.
கீழே வெள்ளரிக் கொடி.
போன வாரம் விரலாக இருந்ததெல்லாம்
இப்போது முழங்கையாக, மஞ்சளாக,
இலைக்கடியில் மூச்சுவிடாமல் படுத்திருந்தன.
கூடையோடு பக்கத்து வீட்டு மெத்தோதியிடம் போனேன்.
என் கூடையைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிழல்.
உள்ளே போய் இரண்டு வாளி பிளம்ஸ் கொண்டுவந்தார்.
கொடுத்துவிட்டு வரப் போனவன்
சுமந்துகொண்டு வந்தேன்.

மத்தியானம் முழுக்க மிளகாய் சுட்டோம்.
தோல் கருகி வெடிக்கும், உள்ளே சிவப்பு வழுக்கும்.
மகள் கலீனா ரப்பர் உறை மாட்டி உரித்தபடி
கடையில் கிடைக்குமே இது, என்றாள்.
நெவேனா என்னைப் பார்த்தாள்.
நான் விதையைப் பார்த்தேன்.
அவள் சொன்னது சரி; அதனால்தான்
யாரும் பதில் சொல்லவில்லை.

இருட்டும்போது முற்றத்தில் கொப்பரை ஏறியது.
அரைத்த மிளகாய், தக்காளி, எண்ணெய், உப்பு.
துடுப்பு இழுத்த கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம்.
"அரைமணி நேரம்தான். நிறுத்தாமல் கிண்டு,
நான் மூடிகளைக் கொதிக்க வைக்கிறேன்."

லாரியில் ஒரு கருவி உண்டு.
நாலரை மணி நேரம் ஓட்டினால்
நில், தூங்கு, என்று அதட்டும்.
துடுப்பில் அப்படி எதுவும் பொருத்தவில்லை.
நெருப்பு முகத்துக்கு இதமாக இருந்தது.
கோடு மூடியது, மூடவில்லை, மூடியது.
தாடை துடுப்புப் பிடியில் போய் உட்கார்ந்தது.

வாசனைதான் எழுப்பியது,
அல்லது அவள் கை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
ஒரு கரண்டி அடியிலிருந்து எடுத்தாள், ஊதினாள், தின்றாள்.
பிறகு கொஞ்சம் வானத்தைப் பார்த்தாள்.
"சுரண்டாதே" என்றாள்.
மேலே இருந்தது முப்பத்தொரு ஜாடி.
அடியில் இருந்தது, கருப்புப் புள்ளிகளோடு,
தனியாகப் பன்னிரண்டு.
அந்த முப்பத்தொன்றின் மூடியில் வருடம் எழுதினாள்.
இந்தப் பன்னிரண்டில் வெறுமனே
ஸ்தோயில் என்று என் பெயர்.
கலீனா சிரித்த சிரிப்பில்
மெத்தோதி வீட்டு விளக்கு எரிந்தது.

ஞாயிறு பிளம்ஸுக்குப் போனது.
கோழிக்கூட்டுக் கதவு கம்பியிலேயே தொங்கியது.

ஜனவரி. லின்ஸ் அருகே பனியில்
நூறு லாரிகள் நகராமல் நின்ற இரவு.
பக்கத்து லாரியின் லிதுவேனியாக்காரன்
கருப்பு ரொட்டியோடு கதவைத் தட்டினான்.
நான் ஜாடியைத் திறந்தேன்.
ஒரு வாய் தின்றான், நிறுத்தினான், ஜாடியைத் திருப்பிப் பார்த்தான்.
இந்தப் புகை ருசி எப்படி வருகிறது,
என்ன மரம், எத்தனை மணி நேரம், என்று கேட்டான்.
அது லேசான வேலையில்லை, என்றேன்.
முதலில் நாற்பது நாற்று வாங்க வேண்டும்.

போகும்போது ஜாடியை அவனிடமே கொடுத்தேன்.
மூடியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
திறந்த ஜாடியோடு எப்படி ஓட்டுவது என்றான்.
தின்று முடித்துவிட்டு ஓட்டு, என்றேன்.