கறுப்பு அட்டை

செக்காலை ரோட்டில் புரோட்டாக் கல் ஆறிவிட்டது.
சால்னா வாளியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.
நாங்கள் மட்டும் எழுந்தபாடில்லை.

'மூன்றாம் கண்மாய்' குழுவுக்கு
முதல் ஆல்பத்தோடு உயிர் போய்விட்டது என்கிறான் அடைக்கலம்.
ஆத்தங்குடிக் கல் ஏற்றும் லோடு ஆட்டோ அவனுடையது.
வைக்கோல் வைத்து அடுக்கிய பூக்கல்
ஒன்றுகூட விரியாமல்
கானாடுகாத்தான் வரை டிரம்ஸ் அதிர ஓட்டுவான்.

"உனக்குச் சத்தம் பிடிக்கும், பாட்டு பிடிக்காது"
என்கிறாள் உமையாள்.
பங்களா ஹோட்டல் வரவேற்பறையில்
நாளெல்லாம் வீணை ஒலிக்க
வெள்ளைக்காரர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுப்பவள்;
கூந்தலுக்குள் ஒரு காதில் மட்டும் ராக்.
அவளுக்கு இரண்டாம் ஆல்பம். அதுவும் வரிகளுக்காக.
"'உன் வீட்டுச் சாவி
என் பையில் துருப்பிடிக்கிறது' –
இதை எழுதினவன் எப்படி வாசிச்சாலும் மன்னிப்பேன்."
"துருவுக்கு வார்த்தை எதுக்கு?
பேஸ் கிட்டாரே துருப்பிடிச்சுத்தானே கேக்குது?"

நானும் இரண்டாம் ஆல்பம்தான்.
ஆனால் ஒரே கட்சிக்குள் வேறு கோஷ்டி.
எனக்கு அடுக்கு முக்கியம்.
முதல் பாட்டில் ஒருவன் செத்துப்போகிறான்.
ஆறாவதில் பிறக்கிறான்.
கடைசியில் கல்யாணம்.
இப்படிக் கலைத்து அடுக்க
எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று
பத்து வருடமாகச் சொல்லிவருகிறேன்:
பந்தியில், தேவகோட்டை பஸ்ஸில்,
ஒருமுறை பல் டாக்டரிடம், வாயைத் திறந்தபடி.

கை கழுவப் போன ஜபருல்லா நின்றார்.
"எது? அந்தக் கறுப்பு அட்டை ஆல்பமா?"
பஸ் ஸ்டாண்டில் மெமரி கார்டுக்குப்
பாட்டு ஏற்றிக் கொடுத்தவர்.
"நான் போட்டதுதானே தம்பி.
நம்பரை அழிச்சிட்டுப் பேரை மட்டும் வைப்பேன்.
போன் அதுபாட்டுக்கு
ஏ, பி, சி, டி வரிசையில பாடும்."

அடைக்கலம் சிரித்த சிரிப்பில்
கல்லாவில் தூங்கியவர் விழித்துக்கொண்டார்.
உமையாள் சிரிக்கவில்லை.
போனில் தேடிச் சரியான வரிசையைக் காட்டினாள்.
பிறப்பு. கல்யாணம். சாவு.
எல்லா வீட்டிலும் நடக்கிற மாதிரி.

கழனிவாசல் வரை
அந்த வரிசையிலேயே கேட்டுக்கொண்டு போனேன்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
அடுத்தவர் செருப்பு,
அளவு சரியாக இருந்தாலும்.

வண்டியை நிறுத்திவிட்டு
இருட்டில் நின்றபடியே
பழைய கோளாறுக்கு மாற்றினேன்.
செத்தவன் சாவகாசமாக எழுந்து வந்தான்.

பன்னிரண்டே காலுக்கு உமையாளிடமிருந்து:
"உன் அடுக்கில சாவிப் பாட்டு எத்தனாவது?"
"கல்யாணத்துக்கு முந்தினது."
வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.
"அங்கதான் இருக்கணும்.
அடைக்கலத்துக்கிட்ட சொல்லிராத."