புள்ளிக்குப் பின்னால்

ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வரும் காகிதம்.
இந்தத் தடவை ஆயிரத்து முந்நூற்று அறுபத்தஞ்சு,
போன தடவையைவிட எண்பது ரூபாய் கூட.
அத்திப்பாளையம் பிரிவு டீக்கடையில் கேட்டேன்.
"வெலை ஏறிப்போச்சுங்க" என்றார்கள்.
எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. லேத்துக்கு லீவு.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
வேலைக்கு வந்த டிராயிங்கைப் படிப்பதுபோல
மேல் மூலையிலிருந்து ஆரம்பித்தேன்.

பெயர் ஆர். தெய்வசிகாமணி. சரி.
கதவு எண்ணில் ஓர் எழுத்துப் பிசகு. போகட்டும்.
முந்தைய அளவு 212.
தற்போதைய அளவு 238.
கழித்தால் இருபத்தாறு.
யூனிட் என்று நினைத்திருந்தேன்,
கன மீட்டராம்.
ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம்,
பெட்டி நிறையக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று.
டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன்,
எங்கள் சமையல்கட்டு பன்னிரண்டு பெட்டியோடு ரொம்பிவிடும்.
மீதிப் பதினாலை ஹாலில்தான் அடுக்கணும்,
டிவிக்கு மேலே இரண்டு.

பெட்டிக்கு ஐம்பது ரூபாய்.
அதன்மேல் வரி நூற்றுக்கு அஞ்சு.
கரண்டுக்கு முதல் நூறு கழிவு உண்டு,
இதற்கு ஒன்றும் கிடையாது.
பால் பொங்கி வழிந்த நேரமும் கணக்குத்தான்.

கூட்டல் பெருக்கல் தப்பில்லை.
ஆனால் 238க்கு முன்னால் எறும்பளவில் ஓர் எழுத்து: உ.
பிள்ளையார் சுழி என்று நினைத்தேன்.
காகிதத்தைத் திருப்பினால் பின்பக்கம் விளக்கம்.
உ என்றால் உத்தேசம்.
ஆள் வந்தபோது வீடு பூட்டியிருந்தால்
பழைய பில்களைக் கூட்டி, வகுத்து,
இவ்வளவு எரித்திருப்பார்கள் என்று போடுவது.

உத்தேசமா?
முப்பத்தோரு வருசமாய் லேத்தில் நிற்கிறேன்.
பம்பு ஷாஃப்டில் ஒரு நாள் உத்தேசம் போட்டால்
அன்றைக்கே ஊட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

டார்ச்சோடு பொடக்காளிக்குப் போனேன்.
மஞ்சள் குழாய். தூசி அப்பிய மீட்டர்.
வேட்டி நுனியால் துடைத்தேன்.
கறுப்பில் சில எண்கள், சிவப்பில் மூன்று.
சிவப்பு, புள்ளிக்குப் பின்னால் வருவது.
பில்லில் அதைச் சேர்க்கமாட்டார்களாம்.
நானோ புள்ளிக்குப் பின்னால் வருவதில்தான்
இத்தனை நாள் சோறு தின்கிறேன்.

கறுப்பை மட்டும் படித்தேன்.
251.

சண்டைக்குச் சேர்த்து வைத்த சொல்லெல்லாம்
வாயிலேயே நின்றது.
உத்தேசத்தைவிடப் பதிமூன்று பெட்டி கூட.
இருப்பது இரண்டே பேர்,
காலையில் காப்பி, ராத்திரி தோசை.
கசிவாக இருக்கும்.
சோப்புத் தண்ணி கரைத்து மூட்டுமூட்டாய்த் தடவினேன்.
ஒரு குமிழிகூட வரவில்லை.

"அது ஒண்ணும் கசியலீங்க."
துளசிமணி, துணி உதறிக்கொண்டே.
"எதுத்த பவுண்டரிப் பசங்க ஒம்போது பேரு.
நீங்க அக்கட்டால போனதும் ஒலை வெப்பேன்.
அரிசிம்பருப்புச் சோறு. தலைக்கு நாப்பது.
ஆடி நோம்பி முடிஞ்ச மறுநாள்ல இருந்து.
மீட்டர்காரர் வந்தப்பத் தூக்குக் குடுக்கப் போயிருந்தேன்."

எங்கிட்டச் சொல்லவே இல்லையே.

"சொல்லியிருந்தா கணக்குப் போட்டிருப்பீங்க."

போட்டுக்கொண்டுதான் இருந்தேன், மனதுக்குள்.
பதிமூன்று பெட்டி அறுநூற்று ஐம்பது,
வரியோடு அறுநூற்று எண்பத்திரண்டரை.
துவரம்பருப்பு டப்பாவிலிருந்து
ஏழு நூறு ரூபாய்த் தாள் எடுத்து நீட்டினாள்.
நோட்டெல்லாம் பெருங்காய வாசம்.
"மிச்சம் பதினேழரையைக் குடுத்துருங்க."

மறுபடி மீட்டரடியில் நின்று போன் போட்டேன்.
உத்தேசம் தப்பு, அசல் அளவு எழுதிக்குங்க என்றேன்.
"கறுப்பு மட்டும் போதுங்க சார்" என்றது ஒரு பெண் குரல்.
போதாது, சிவப்பும் சொல்கிறேன் என்றேன்.
ஆறு.
எட்டு.
மூன்றாவதைச் சொல்ல முடியவில்லை,
அது உருண்டுகொண்டே இருந்தது.
உள்ளே அடுப்புப் பற்றவைத்துவிட்டாள்.