குளிர் எஞ்சின்

மூன்று கிழமையாய் எங்கள் இருவருக்கும் தலையிடி.
கசூரினாக் கரையில் பஸ்ஸை நிறுத்தி
ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுப் படுத்த இரவுகள்.
விடிய எழும்பினால் நெற்றிக்குள் ஓர் ஆணி.
"உங்கட குறட்டை" என்றாள் சுகிர்தா.
"உன்ர நுளம்புத்திரி" என்றேன்.
அதில் பிடித்து,
அவளின் தமையன் கலியாணத்துக்கு நான் போகாதது வரைக்கும்
தினமும் போய்வந்தோம்.

பழைய ரோசா பஸ்.
இருபத்தாறு சீற்றையும் கழற்றிப்போட்டு
கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவ ஒரு பேசின்.
எல்லாம் என் கைவேலை.
அந்தப் பெருமையை இதிலேயே எழுதிவைக்கிறேன்,
பிறகு தேவைப்படும்.

நாவாந்துறையில் கிளறன்ஸ்
குந்தியிருந்து கீழே பார்த்துவிட்டு எழும்பினான்.
"சூடாக் கொண்டுவந்தா என்ன பிரயோசனம்?
இரும்பு வீங்கித் தன்ர வாயைத் தானே மூடிப்போடும்.
இரவைக்கு இஞ்சையே விடுங்கோ.
ஆறட்டும்."

கராஜ் வாசலில், எஞ்சின் நிறுத்தி, யன்னல் திறந்து
வியர்வையில் படுத்தோம்.
கருவாட்டு வாடை. நாய்களின் ஊர்வலம்.
விடிந்தபோது தலையிடி இல்லை.
இருவரும் கவனித்தோம்.
ஒருவரும் சொல்லவில்லை.

ஐந்தரை மணி. முதல் உதறல்.
சுகிர்தா ஈரச்சாக்கால் பின்குழாயைப் பொத்திப் பிடிக்க
போக்கிடம் இல்லாத புகை முன்னுக்குத் திரும்பியது.
கிளறன்ஸ் ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து
மற்ற நுனியை இரும்பின்மேல் மெல்ல நகர்த்தினான்.
நின்றான்.
"பல்லி சொல்லுது" என்றான்.
என்னிடம் தந்தான்.
டிக். டிக். டிக்.

சவர்க்காரத் தண்ணி தெளித்த இடத்தில்
மனிபோல்டும் குழாயும் சேரும் மூட்டு நுரைத்தது.
பக்கத்தில் அழுத கண்ணின் மைபோல
இழுபட்ட கரிக்கோடு.
மூன்று ஸ்ரட்டில் ஒன்று முறிந்து உள்ளுக்கு.
காஸ்கட், யாரோ கடித்து வைத்த அப்பளம்.

"அது சரி,
வெளியில போற புகை உள்ளுக்கு எப்பிடி வந்தது?"
ஏறினான். பேசினுக்குக் கீழே விரிப்பைத் தூக்கினான்.
ஒரு அங்குலக் குழாய்க்கு
இரண்டு அங்குல ஓட்டை.
உள்ளே நிலம் தெரிந்தது, ஒரு சோடாமூடியும்.
"ஆர் துளைச்சது?"

சுகிர்தா என்னைப் பார்த்தாள்.
நான் கடலைப் பார்த்தேன்.

மத்தியானம் வரை
நெருப்புக் காட்டி, எண்ணெய் விட்டு, திட்டி,
திரும்ப நெருப்புக் காட்டி
முறிந்ததை அங்குலம் அங்குலமாய் வெளியே எடுத்தான்.
புது ஸ்ரட், செப்பு நட்டு, புது காஸ்கட்.
ஓட்டையை நானே அடைத்தேன்,
ரப்பர் வளையமும் சிலிக்கனும்,
தேவைக்கு மேலே.
காசை எண்ணி வாங்கிக்கொண்டு சொன்னான்:
"நூறு கிலோமீற்றர் ஓடிப்போட்டு வாங்கோ,
திரும்ப இறுக்கவேணும். புதுசு இளகும்.
இனிமேல் எஞ்சின் ஓட ஓடப் படுக்காதேங்கோ.
நான் திருத்தினதெண்டாலும்."

பண்ணைப் பாலத்தில் ஏறினோம்.
பஸ் இவ்வளவு அமைதியாக ஓடும் என்று தெரியாது.
இருபக்கமும் தண்ணீர், வேலியாய் இறால்க் கூடுகள்.
அவள் கேட்டாள்:
"அண்ணாவின்ர கலியாணத்துக்கு ஏன் வரேல்லை?"

தலை தெளிவாக இருந்தது.
சாட்டுச் சொல்லப் புகையும் இல்லை.
சொல்லத் தொடங்கினேன்.
மண்டைதீவுச் சந்தி வந்தும்
முடியவில்லை.