பொந்துக்குள் தேரை

மணி ஐந்தரை. பீடோரில் மழை.
லாரியை ஆலை வாசலில் விட்டுவிட்டு
தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தேன்.
தவமணி மாவு கலக்கி வைத்திருந்தாள்:
கோதுமை, மூன்று முட்டை, பால், உப்பு.
"தோசையா?"
"தொடாதீங்க. அது தூங்குது."

அரைமணி நேரம் தூங்கும் மாவாம்.
புளிக்காது, பொங்காது,
சும்மா படுத்துக் கிடக்கும்
ஞாயிற்றுக்கிழமை ஆம்பளை மாதிரி.

தகரத் தட்டில் எண்ணெய் ஊற்றி
அடுப்புக்குள் தள்ளினாள்.
எண்ணெய் புகைய வேண்டும்.
புகையாவிட்டால் மாவு எழும்பாது.
இருபத்தாறு வருஷமாய்
குலைகுலையாய் நான் ஏற்றிப் போனது
இப்படி ஒரு தட்டில் காய்ந்து
என் கண்ணையே கரிப்பதை
இன்றைக்குத்தான் நின்று பார்க்கிறேன்.

ஆறு சாசேஜ். மினிமார்க்கெட் கோழி.
மேலே மாவு. ஒரு சீறல்.
கதவைச் சாத்தினாள்.
"இனி யாரும் திறக்கக் கூடாது.
காத்துப் பட்டா படுத்துடும்."

பெயர் என்ன என்றேன்.
இங்கிலீஷில் சொன்னாள், காதில் ஏறவில்லை.
தமிழில் சொன்னாள்: பொந்துக்குள் தேரை.
சிரித்ததில் தேத்தண்ணி புரையேறிவிட்டது.
தேங்காய்க்குள் தேரை விழுந்தால்
தூக்கி எறிகிற சாதி நாம்.
அவர்கள் தேரையைச் சாப்பாட்டுக்குள் விட்டு
அதைச் சொல்லியே பந்திக்கும் கூப்பிடுகிறார்கள்.

ஹல் என்றொரு ஊர்.
துறைமுகம், மீன் வாடை, நான்கு மணிக்கே இருட்டு.
மூன்று வருஷம் அங்கே தாதிப் படிப்பு.
"மாசக் கடைசியில
அஞ்சு பொண்ணுங்களுக்கு மூணு சாசேஜ்.
நறுக்கி மாவுல புதைப்போம்.
எழும்புறதுல பாதி வெறும் காத்துதான்.
ஆனா தட்டு நிறைஞ்சிடும்."

வெள்ளைக்காரச் சாப்பாடு என்றால்
துரை பங்களா மேசையில்
பளபளவென்று கவிழ்ந்திருந்த வெள்ளி மூடி
என்றுதான் நினைத்திருந்தேன்.
அவர்களுக்கும் மாசக் கடைசி உண்டென்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வாசலில் சொஹாக்.
குலை வெட்டுகிற வங்காளதேசத்துப் பையன்.
சைக்கிள் செயின் அறுந்து மழைக்கு ஒதுங்கியிருக்கிறான்.
பசியாறிவிட்டுப் போ என்று
உள்ளே இழுத்து நாற்காலி போட்டோம்.

அடுப்பு திறந்தது.
நாலு ஓரமும் மலைபோல் எழும்பி
உட்பக்கம் மடங்கிச் சிவந்திருந்தது.
நடுவில், மெத்தையில்,
ஆறு முதுகுகள்.
முக்கால் மணி நேரம் வதக்கிய வெங்காயத்தில்
ஒரு மிளகாய்கூடக் கிள்ளாத குழம்பு
(குழம்பு என்றால் கோபித்துக்கொள்வாள், கிரேவி).
அவித்த பட்டாணி, பச்சை மாறாமல்.

இது என்ன என்று மலாயில் கேட்டான் சொஹாக்.
"காத்தாக்" என்றேன். தவளை.

வாய்க்குப் போன முள்கரண்டி நின்றது.
நாற்காலி ஓரடி பின்னால் போனது.
தவமணி என் தோளில் அகப்பையால் ஒன்று வைத்தாள்.
"ஆயாம், ஆயாம்!"
முழங்கைகளை மடக்கிச் சிறகடித்துக் காட்டினாள்.
அதுவும் போதாமல்
குப்பைக்கூடையைக் கிளறி
உறையை எடுத்து ஹலால் முத்திரையை நீட்டினாள்.
அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.
அப்புறம் சிரித்தான்.
அப்புறம் பேச்சே இல்லை, தின்றான்.

ஓரம் நொறுங்கியது.
நடு, ஆப்பத்தின் நடு.
உள்ளே இருந்த காற்று
வெங்காயத்தின் இனிப்பைக் குடித்து
கனத்துப் போயிருந்தது.
சம்பல் பாட்டில் மேசையில்தான் இருந்தது.
என் கை பழக்கத்தில் அதுவரை போய்
மிளகுத்தூளை எடுத்துக்கொண்டு திரும்பியது.
தவமணி அதைப் பார்த்தாள்.
பார்க்காதது போலப் பட்டாணி போட்டாள்.

கல்லுக்குள் தேரைக்கும்
படியளப்பவன் ஒருவன் உண்டென்பார்கள்.
இன்றைக்கு என்னவோ
தேரைதான் எங்களுக்குப் படியளந்தது.

ஐந்து போயிற்று.
கடைசித் தேரை தட்டின் நடுவில்.
சொஹாக் சன்னலில் மழையைப் பார்த்தான்.
நான் காலண்டரைப் பார்த்தேன்.
தேதி இருபத்தெட்டு.

தவமணி கத்தியை எடுத்தாள்.