நாற்பத்து நான்காவது தாள்

ஏற்காட்டிலிருந்து முதல் பஸ் இறங்கும்போது
வளைவுகளின் எண் இருபதிலிருந்து குறைந்துகொண்டே வரும்.
பன்னிரண்டில் எனக்குக் காது அடைக்கும்.
எச்சில் விழுங்குவேன், கொட்டாவி விடுவேன்,
கோரிமேட்டில் இறங்குவதற்குள் பட்டென்று திறந்துகொள்ளும்.
சில நாள் திறக்காது.
அந்த நாட்களில் வருகைப்பதிவில் என் பெயர்
பக்கத்து வீட்டு டிவியில் யாரையோ கூப்பிடுவதுபோல் கேட்கும்.
உள்ளேன் என்பேன்,
ஒரு நொடி பிந்தி.

அப்படி ஒரு நாளில்தான் வந்தாள் மெஹருன்னிசா.
ஆராய்ச்சி மாணவி. வெளிர்பச்சைத் துப்பட்டா,
கையில் தாள் கட்டு, நகமெல்லாம் சதை தெரியக் கடித்தது.
"இது பரீட்சை இல்ல. சரி, தப்பு கிடையாது.
பேர் எழுத வேணாம்."
நாங்கள் நம்பவில்லை.
சரி தப்பு இல்லாத தாளை
இதுவரை யார் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்?

கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி,
சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறதா,
உங்கள்மேல் உங்களுக்கே வெறுப்பு உண்டா.
எப்போதும். சில நேரம். ஒருபோதும் இல்லை.

'எப்போதும்' போட்டால் அப்பாவைக் கூப்பிடுவார்கள்.
'ஒருபோதும் இல்லை' போட்டால் பொய்யென்று தெரிந்துவிடும்.
சபரிகிரி என் தாளை எட்டிப் பார்த்தான்,
நான் இன்பசாகரன் தாளை,
இன்பசாகரன் முன் பெஞ்சை.
மூக்கனேரியில் ஆகாயத்தாமரை படர்வதுபோல்
வகுப்பு முழுக்க 'சில நேரம்' படர்ந்தது.

அதற்கு அடியில் கிடந்தவை:
செவ்வாய்ப்பேட்டை வீட்டுக் குளியலறையில்
குழாயைத் திறந்துவிட்டு நாற்பது நிமிடம்
சபரிகிரி நிற்பது. குளிப்பதில்லை, நிற்பது.
தட்டுவடை செட் கடையில் எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டு
காசு நீட்டும்போது இன்பசாகரன் கை நடுங்குவது.
ராத்திரி "சாப்டியா" என்று மட்டும் அம்மா கேட்பது,
நான் ஆமாம் என்பது.
அதற்கு மேல் கேட்கத் தெரியாதவள் அல்ல அவள்.
கேட்டால் என்ன வருமோ என்று இருந்தாள்.

ஒன்பதாவது கேள்வி:
இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்று
தோன்றியதுண்டா.

நாற்பத்து மூன்று பேனாவும் நின்றன.
மின்விசிறி ஒரு பக்கம் தேய்ந்து சுற்றுவது
அடைத்த காதிலும் கேட்டது.
பிறகு ஒரு பேனா நகர, எல்லாம் நகர்ந்தன.
யாரும் யார் தாளையும் பார்க்கவில்லை.
பார்க்காமலே எல்லோரும் ஒரே கட்டத்தில்.
ஒருபோதும் இல்லை.

மதியம் கேண்டீனுக்குப் பின்னால், படிக்கட்டில்,
டீ ஆறவிட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.
"அக்கா, ஒன்பதை மாத்தணும்."
ஏன் என்று கேட்கவில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றினாள்.
"எது உன்னோடது?"
இரண்டு பேரும் புரட்டினோம்.
நாற்பத்து மூன்றும் ஒரே ஆள் போட்டதுபோல.
என் டிக் எப்படி இருக்கும் என்று
எனக்கே தெரியவில்லை.
அதற்குத்தான் அழுதேன், வேறெதற்கும் இல்லை
என்று அப்போது சொன்னேன்.

அவள் ஆறுதல் சொல்லவில்லை.
வாய்வரை போன விரலைப் பாதியில் கண்டு
மடியில் இறக்கிக்கொண்டாள்.
முடியும்வரை இருந்தாள். பிறகு
பையிலிருந்து ஒரு வெற்றுத் தாள்.
"மெதுவா போடு. ஒன்பது மாறிச்சுன்னா
பேர் கேப்பேன். பரவால்லையா?"

வகுப்பில் நாங்கள் நாற்பத்து மூன்று பேர்.
அவள் கணக்கு இனி ஒன்று கூடுதலாக வரும்,
எந்த அட்டவணையிலும் உட்காராது.
போட்டேன்.
பேரும் எழுதினேன், இனிஷியலோடு.

மாலை பஸ். எண்கள் ஏறின.
ஆறோ ஏழோ, ஏதோ ஒரு வளைவில்
காட்டெருமை ஒன்று ரோட்டை மறித்து நின்றது.
டிரைவர் இன்ஜினை அணைத்தார்.
யாரும் பேசவில்லை.
சில்வர் ஓக் இலைகள் உரசிக்கொண்டிருந்தன,
இரண்டு காதிலும்.