அங்க அடையாளம்

பத்தாம் வகுப்புச் சான்றிதழில்
என்னைப் பற்றி இரண்டே வரிதான்.
முழங்கால் தழும்பு எப்போதோ மங்கிவிட்டது.
இன்னமும் நான்தான் ஞானாதிக்கம் என்பதற்குக்
கீழுதட்டின் இடது ஓரத்தில்
ஒரு கேழ்வரகு மணி
சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

நெல்லித்தோப்பு பேண்டு செட்டில் டிரம்பெட்.
இருபத்திரண்டு வருஷம்,
கல்யாணத்துக்கு வேகமாக, சாவுக்கு மெதுவாக,
ஒரே உதடு.
ஊதி இறக்கினால் உதட்டில் பதிந்த வட்டம்
ஒரு மணி நேரம் போகாது.
வட்டத்துக்கு வெளியே
கழற்றிவிட்ட செருப்பு மாதிரி மச்சம்.

யுபோனியம் சிங்கராயன்தான் ஆரம்பித்தான்.
"என்னண்ணே, பெருசாயிட்ட மாதிரி இருக்கு?
எங்க மாமா ஒருத்தருக்கும் இப்படித்தான்..."
அதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.
உப்பளம் கல்லறை வரைக்கும்
அவன் மாமாவின் மீதிக் கதையை
நானே ஊதி முடித்தேன்.

பதினேழு வயதில்
சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்து வைத்தவன் நான்.
உதடு வெந்து
மூன்று வாரம் கஞ்சி.
மச்சம் நகரவில்லை,
பக்கத்தில் ஒரு வெள்ளைத் தழும்பைக்
குடிவைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

கதிர்காமம் ஆஸ்பத்திரி, டோக்கன் எண்பத்து நான்கு.
எப்போதிலிருந்து? அரிக்குமா? ரத்தம்?
டாக்டர் ஜெசிமா தலை நிமிராமல் எழுதினார்.
"ஊதுவீங்களா?"
"தினமும் டாக்டர்."
"எத்தனை?"
"ரெண்டு மணி நேரம்."
அப்போதுதான் நிமிர்ந்தார்.

குளுகுளுவென்று ஏதோ தடவி
விளக்கு கட்டிய லென்ஸை உதட்டில் அழுத்தி
அடகுக்கடைக்காரர் மூக்குத்திக் கல்லைப் பார்ப்பதுபோல
வெகு நேரம் பார்த்தார்.
"ஒரே நிறம். ஓரம் சிதறலை. ரெண்டரை மில்லிமீட்டர்.
சாதுவான மச்சம்."

"எடுத்திடலாமா?"
"எடுக்கலாம். தையல் போட்டா கொஞ்ச நாள் ஊத முடியாது.
எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பணும்.
எடுக்காட்டியும் தப்பில்லை.
பாத்துக்கிட்டு இருங்க."

பார்த்துக்கொண்டிருப்பதும் வைத்தியம் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
சீட்டில் எழுதியிருந்தது:
வெயிலுக்கு உதட்டுக் களிம்பு.
மூன்று மாதத்துக்கு ஒரு போட்டோ,
அதே வெளிச்சம், பக்கத்தில் ஸ்கேல்.
வளர்ந்தால், நிறம் பிரிந்தால்,
புண்ணாகி ஆறாமல் நின்றால்
காத்திருக்காமல் வரவும்.

கல்யாணம் பேசியபோது கொடுத்த போட்டோவில்
ஸ்டூடியோக்காரர் இந்த மச்சத்தைத்
தொட்டு அழித்திருந்தார்.
கோயில் வாசலில்தான் குழந்தைதெரேஸ் நேரில் பார்த்தாள்,
ஏதோ ஒட்டியிருக்கிறது என்று
கைக்குட்டையை நீட்டினாள்.

இப்போது அவள்தான் போட்டோகிராபர்.
மகனின் ஸ்கேலில் பூஜ்ஜியம் உடைந்துபோயிற்று,
ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.
"சிரிக்காதீங்க. சிரிச்சா மச்சம் நீளுது."
சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில்
என் வாயை இவ்வளவு நேரம்
அவள் பார்த்ததே இல்லை.
பார்த்துவிட்டுப் பல் தேய்க்கச் சொன்னாள்.

ஜூலை போட்டோவில்
மச்சம் இரண்டு மடங்கு.
ஓரம் ஊதா.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம்.
கடைசியில் புள்ளிகளாக உடைந்த படத்தில்
உதடு எது என்றே தெரியவில்லை.
அவள் ஜெபமாலை தேடினாள்,
நான் சீட்டைத் தேடினேன்.
விடியற்காலை கண்ணாடி முன்னால் பயந்துகொண்டே நின்றால்
பழைய கேழ்வரகு.
முந்தைய நாள் மார்க்கெட்டில் கால் கிலோ
நாவல்பழம் வாங்கியது
அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் பதினைந்து, சம்பா கோயில் தேர்.
களிம்பு பூசிய உதடு வெயிலில் மினுங்க
சிங்கராயன் குனிந்து பார்த்தான்.
"என்னண்ணே, லிப்ஸ்டிக்கா?"

"ரெண்டரை" என்றேன்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.
யுபோனியத்தைத் தூக்கிக்கொண்டு
தன் வரிசைக்குப் போனான்.