ஒரு முழுச் சுவர்

கணக்கு நோட்டின் நடுத்தாளைக்
கிழித்துக் கொடுத்தாள் பிலார்.
ஒரு கட்டம் அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டோம்.
தாள் சுருளாமலிருக்க நான்கு மூலைக்கும்
மாத்தே குடுவை, உப்பு டப்பா,
எவாரிஸ்டோவின் சாவிக்கொத்து,
என் இடது கை.
இடது கை போனால் பாதிப் பேச்சு போயிற்று.
பிறகு அங்கே ஓர் உருளைக்கிழங்கு வைத்தோம்.

துராஸ்னோ ஊரில், ரயில் பாதைக்கு அப்பால்,
பன்னிரண்டுக்கு முப்பது மனை.
ஒரு தளம் போதும்.
மாடி என்றால் படி,
படி என்றால் திருப்பம்,
திருப்பத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவரை
எப்படிக் கூப்பிடுவது நாங்கள்?

நகராட்சி இலவசமாய்த் தந்த வரைபடத்தில்
நடுவே நீளமாய் ஒரு நடை,
இருபுறமும் மூடிய கதவுகள்.
எவாரிஸ்டோ அதைப் பார்த்துவிட்டு
இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
என் எதிரே நின்றான்.
இந்த வீட்டில் நாம் ஊமை என்று அர்த்தம்.

காது கேட்பவர்களின் பேச்சு
சுவரைத் தாண்டி மங்கலாகவாவது போய்ச் சேரும்.
எங்கள் பேச்சு
சுவரில் மோதினால் அங்கேயே செத்துப்போகும்.

ரப்பரை எடுத்தேன்.
சமையலறைச் சுவரை அழித்தேன்.
கூடத்துச் சுவரை இடுப்பளவுக்கு வெட்டினேன்.
பாத்திரத் தொட்டியைத் திருப்பிப் போட்டேன்.
பன்னிரண்டு வருஷம் வாடகை வீட்டுச் சுவரைப் பார்த்தே
தட்டு தேய்த்திருக்கிறேன்;
கைகளில் சோப்பு இருக்கும் நேரம்
கண்களாவது பேச்சில் இருக்கட்டும்.

வடக்கு ஜன்னல் பெரிதாக வேண்டும்,
ஜூலைக் குளிருக்கு வெயில் அந்தப் பக்கம்தான் வரும்.
ஆனால் ஜன்னலுக்கு முதுகு காட்டிப் பேசுகிறவரின்
முகம் கறுத்துவிடும், பாதி வார்த்தை நிழலில் விழும்.
மேஜையைக் குறுக்கே போட்டேன்.

தரைக்கு யூகலிப்டஸ் பலகை.
சிமெண்ட் மலிவுதான்,
ஆனால் ஒரு மிதி மிதித்தால்
அடுத்த அறையில் நிற்கிறவரின் உள்ளங்காலுக்கு
அது எட்ட வேண்டுமே.

எவாரிஸ்டோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்,
கொல்லைப்புறத்து இறைச்சி அடுப்பைத் தவிர.
தென்மேற்குக் காற்றுக்கு முதுகு காட்டி,
விறகுக்கு மாடம் வைத்து,
இரண்டு சாயங்காலம் அதையே வரைந்தான்.
எங்கள் படுக்கையறையைவிட அது பெரிது.
சிரித்துச் சிரித்து அதிலும் அழித்தோம்.

அப்போது பிலார் மேஜையைத் தட்டினாள்.

என் அறைக்குச் சுவர் வேண்டும், என்றாள்.
முழுச் சுவர். கூரை வரைக்கும்.
மேலே கண்ணாடிப் பட்டை கூடாது.

பதினொரு வயது.
இந்தக் கடனுக்காக வங்கியில்
வட்டி, தவணை, ஈடு என்று
அதிகாரியின் வாயிலிருந்து என் கண்ணுக்கு
ஒவ்வொரு சொல்லாய்ச் சுமந்து வந்தவை
அந்தச் சின்னக் கைகள்தான்.
வீட்டிலேயே காதுள்ளவள் அவள் ஒருத்தி.

ஓர் இடத்திலாவது, என்றாள்,
நீங்கள் கூப்பிடுவது எனக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

பஸ் நிறுத்தத்தில் தனியே நிற்கையில்
அவள் உதடுகள் அசைவதைப் பார்த்திருக்கிறேன்.
பாட்டா, பேச்சா?
கேட்டதில்லை.

ஒரு பகல் முழுக்க அழித்த கையால்
பென்சிலை அழுத்தி
ஒரு கோடு போட்டேன்.
அதன் மேல் இன்னொன்று. இரட்டைச் செங்கல்.

சாப்பிட எப்படிக் கூப்பிடுவது,
என்று எவாரிஸ்டோ கேட்டான், கொஞ்சம் பயந்து.

கூப்பிட வேண்டாம்,
தட்டு வைக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

எவாரிஸ்டோ என்னைப் பார்த்தான்.
நான் தட்டுகளைப் பார்த்தேன்,
இத்தனை வருஷமும் எங்களை விட்டுவிட்டு
அவளோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தவற்றை.

ராத்திரிச் சமையலுக்கு உருளைக்கிழங்கு போயிற்று.
அந்த மூலை மட்டும் எழும்பி எழும்பி ஆடுகிறது.
கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று
இன்னும் முடிவாகவில்லை.